நடுகல் நடைக்குழு பொறுப்பாளர்களுக்கு: அந்த நாலு விதியையும் திரும்ப எடுங்க

நம்ம நடைக்குழு பொறுப்பாளர் அண்ணன்மாருக்கும், கூட்டத்துல முன்வரிசையில உக்காந்து தலையாட்டுன பெரியவங்களுக்கும்,

நேரா விஷயத்துக்கே வந்துர்றேன். போன கூட்டத்துல கிருஷ்ணகிரியில ஒரு தாளை எடுத்து "இனிமே குழு இப்படித்தான்"னு படிச்சீங்களே, அதுல இருந்த நாலு விதியையும் நான் ஏத்துக்கல. அன்னைக்கு யாரும் எதுவும் கேக்கலையேன்னு நீங்க சொல்லலாம், எப்படி கேப்பாங்க, படிச்சு முடிச்ச உடனே டீ வந்துருச்சு, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஹால் சாவியைத் திருப்பிக் குடுக்கணும்னு லைட்டை அணைக்க ஆரம்பிச்சுட்டீங்க. அதனாலதான் எழுதறேன், எல்லாரும் படிக்கிற மாதிரி.

வெளியில இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்லிடறேன், சண்டையில செத்த வீரனுக்கு நட்ட கல்லுதான் நடுகல்லு, அதைத் தேடிப் போயி பாக்கற குழு நம்மளோடது. அந்த விதிங்க இதுதான். எழுத்து இருக்கிற நடுகல்லுக்கு மட்டும்தான் இனிமே நடை, கோட்டை, பாறை ஓவியம், கற்திட்டை (பழங்காலத்துல செத்தவங்களுக்குப் பலகைக்கல்லு வச்சுக் கட்டுனது) பாக்கறவங்க வேற குழு ஆரம்பிச்சுக்கலாம். கல்லு முன்னாடி நின்னுக்கிட்டு ஊர்க்கதை, கூத்துக்கதை பேசக்கூடாது. தமிழ்க் கல்வெட்டு மட்டும்தான், கன்னடம் தெலுங்கு எல்லாம் நமக்கு வேணாம். கடைசியா இருக்கறதுதான் எல்லாத்துக்கும் மேல, பொறுப்பாளர் படிச்சுச் சொன்ன வாசகத்துல மாத்துக் கருத்து இருந்தா குழுவுல பேசக்கூடாது, தனியா போன் பண்ணிச் சொல்லணும், மீறினா நீக்கம். இதுக்கெல்லாம் நீங்க சொன்ன காரணம், குழுவுல "டைம்பாஸ் கோஷ்டி" சேந்துருச்சு, அதைக் கழிக்கணும்.

அந்தக் கோஷ்டியில நானும் ஒருத்தி அண்ணா. காரிமங்கலத்துல டெய்லர் கடை வச்சிருக்கேன், உங்களுக்குத் தெரியும். எனக்கு கல்லுல எழுத்து பாக்கறதை விட உருவத்தைப் பாக்கறதுதான் புடிக்கும், அதுலயும் துணி. அந்த வீரன் இடுப்புல என்ன கட்டியிருக்கான், முடிச்சு எந்தப் பக்கம் தொங்குது, கொண்டை மேல இருக்குதா சாஞ்சு இருக்குதா, காதுல என்ன, குத்துவாள் உறை எப்படிச் சொருகியிருக்குது, இதையெல்லாம் நோட்டுல வரைஞ்சு வரைஞ்சு வச்சிருக்கேன். பழைய கல்லுல பாத்தீங்கன்னா துணி ரொம்பக் கம்மி, இறுக்கிக் கட்டுனது, ஒரு கையில வில்லு ஒரு கையில கத்தி, காலை எட்டி வச்சு நிப்பான். ஓசூர் பக்கம் இருக்கிற பிந்தின காலத்துக் கல்லுங்களைப் பாருங்க, மூணு அடுக்கு, கீழ சண்டை, நடுவுல தேவலோகப் பொண்ணுங்க ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு மேல கூட்டிட்டுப் போறாங்க, உச்சியில லிங்கம். அதுல துணி மடிப்பு ஒவ்வொண்ணும் தனியாத் தெரியும், கொசுவம் வச்சுக் கட்டுனது வரைக்கும் சிற்பி விடல. புருஷனோட உடன்கட்டை ஏறுன பொம்பளைக்கு நட்ட சதிக்கல்லுல தூக்கின கையில வளையல் எத்தனை அடுக்குன்னு எண்ணிக்கூட எழுதி வச்சிருக்கேன். இதைப் பாத்துட்டுத்தான் நம்ம பொறுப்பாளர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "பிளவுஸ் டிசைன் தேடி வந்திருக்குது பாப்பா"ன்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சதுக்கு நான் கோவப்படல. ஆனா சிரிச்சதை இப்ப விதியாவே எழுதி வச்சுட்டீங்க பாருங்க, அதைத்தான் விட முடியல.

என்னை விடுங்க. கூத்து வாத்தியாரை எடுத்துக்கங்க. பேரு வேணாம், பாலக்கோடு பக்கத்துக்காரரு, வயசு எழுபதுக்கு மேல. அவரு ஒவ்வொரு கல்லு முன்னாடியும் நின்னு அந்த ஊர்ல அந்தக் கல்லைப் பத்தி என்ன கதை சொல்றாங்களோ அதைக் கேட்டு, தனக்குத் தெரிஞ்ச பாட்டோட சேத்துப் பாடுவாரு. அந்தக் கதையில எவ்ளோ உண்மை, எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அவரு அதை உண்மைன்னும் சொன்னதில்ல. "ஊர்ல இப்படிச் சொல்றாங்கப்பா"ன்னுதான் ஆரம்பிப்பாரு. அவரைப் பாத்து "ஆதாரம் இருக்கா, கல்வெட்டுல இருக்கா"ன்னு கேட்டு வாயை அடைச்சீங்க.

சரி, நீங்க ஆதாரம் கேக்கறீங்க, நானும் ஆதாரத்தோடவே பேசறேன்.

போன வருஷம் நம்ம குழு படிச்சுச் சொன்ன அந்த வேடியப்பன் கோயில் கல்லு, நடுகல்லையே சாமியா கும்பிடற எடம், அதைத்தான நீங்க எங்க போனாலும் பெருமையாச் சொல்றீங்க. எப்படிப் படிச்சோம்னு யாராவது கேட்டா "சுத்தம் பண்ணி, மைப்படி எடுத்து, படிச்சோம்"னு ஒரு வரியில முடிச்சுடறீங்க. மைப்படின்னா கல்லு மேல தாளை ஒட்டி, மை ஒத்தி எழுத்தை எடுக்கறது. அன்னைக்கு நடந்ததை நான் சொல்றேன். நாம போய் இறங்குனப்போ கல்லு மேல வருஷக்கணக்கா ஊத்துன எண்ணெய், மஞ்சள், குங்குமம் எல்லாம் சேந்து கெட்டியா ஒரு தோலு மாதிரி படிஞ்சிருந்துது, எழுத்து இருக்குதா இல்லையான்னே தெரியல. நீங்க பையில இருந்து பிரஷ்ஷை எடுத்தீங்க. அந்தக் கோயிலைப் பாத்துக்கற அம்மா ஓடி வந்து "எங்க சாமியை ஏன்யா சொரண்டற"ன்னு ஒரே சத்தம். நீங்க தொல்லியல், வரலாறு, பல்லவர் காலம்னு என்னென்னவோ சொன்னீங்க, அந்தம்மா காதுல ஒண்ணும் ஏறல, ஊர்ல நாலு பேரு வேற சேந்துட்டாங்க. அப்பதான் கூத்து வாத்தியார் அந்தத் திண்ணையில உக்காந்துக்கிட்டு வேடியப்பன் கதையை எடுத்தாரு. மாடு மேய்க்கப் போனவன், மாட்டை ஓட்டிட்டுப் போனவங்களை எதுத்து நின்னவன், அப்படின்னு. பாதியில அந்தம்மாவே "அப்படி இல்லைங்க, எங்க மாமியார் வேற மாதிரி சொல்லுவாங்க"ன்னு ஆரம்பிச்சு, கதை ரெண்டு பேரு கையிலயும் மாறி மாறிப் போயி, கடைசியில அந்தம்மாவே வெந்நீர் வச்சுக் கொண்டாந்து, சீயக்காய் போட்டு, அவங்க கையாலயே அந்தக் கல்லைக் கழுவுனாங்க. நம்ம யாரையும் தொட விடல, அது வேற விஷயம், ஆனா எண்ணெய் போச்சு.

அதுக்கப்பறமும் எழுத்து தெரியல. உச்சி வெயில்ல எந்தக் கல்லுலயும் எழுத்து தெரியாது, மொட்டையா இருக்கும். கோட்டைப் பையன்னு நீங்க கிண்டல் பண்றீங்களே அந்தக் காலேஜ் தம்பி, அவன்தான் "அண்ணா இருட்டட்டும்"னு சொன்னான். இருட்டுன பொறகு டார்ச்சைக் கல்லோட ஒட்டி, பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சான். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல்னு ஒவ்வொரு எழுத்தா மேல எழும்பி வந்துது, ராஜா பேருக்கு முன்னாடி வர்ற கோவிசையங்கற வார்த்தையோட முதல் வரி வந்தப்போ நீங்க எப்படிக் குதிச்சீங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அடுத்த நாள்தான் மைப்படி. அதுல ஒரு ஊர்ப்பேரு, நீங்க ஒரு மாதிரி படிச்சீங்க, நம்ம குழுவுல இருந்த ரிட்டயர்டு வாத்தியார் வேற மாதிரி படிச்சாரு. வட்டெழுத்துங்கற அந்தப் பழைய தமிழ் எழுத்துல பகரமும் வகரமும் தேஞ்சு போனா ஒண்ணு மாதிரியே இருக்கும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான், அப்ப அவரு மட்டும் சந்தேகப்படக்கூடாதா? அந்தப் பேரை இப்பவும் அந்த ஊருக்குத் தெக்கால இருக்கிற ஒரு கரட்டுக்கு, அதாவது சின்னக் குன்றுக்குச் சொல்றாங்கன்னு அந்தக் கோயில் அம்மா சொன்னாங்க, அதை வச்சுத்தான் கடைசியில அது வகரம்னு முடிவாச்சு. அதாவது ரிட்டயர்டு வாத்தியார் சொன்னதுதான் சரியாச்சு.

இப்ப நீங்க சொல்லுங்க அண்ணா, உங்க நாலு விதியும் அன்னைக்கே இருந்திருந்தா அந்தக் கல்லு படிச்சிருப்போமா? கதை பேசக்கூடாதுன்னா அந்தம்மா கழுவியிருக்க மாட்டாங்க. கோட்டை பாக்கறவன் வரக்கூடாதுன்னா டார்ச் புடிக்க ஆளில்ல. மாத்துக் கருத்து பேசக்கூடாதுன்னா தப்பான ஊர்ப்பேரோட அது அப்படியே நின்னிருக்கும், நாம அதைப் போஸ்டர் அடிச்சு மாட்டியிருப்போம்.

எண்ணெய் விஷயத்துல உங்க ஆதங்கம் எனக்குப் புரியாம இல்ல. எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மூடுது, சில எடத்துல சிமெண்டு பூசி டைல்ஸ் ஒட்டி, வீரன் மூஞ்சிக்குப் பெயிண்ட் வேற அடிச்சுடறாங்க, பாத்தா வயிறு எரியுது. ஆனா சாமின்னு கும்பிடாத கல்லுங்க என்ன ஆச்சுன்னும் பாருங்க. துணி துவைக்கிற கல்லா கெடக்குது, கெணத்துப் படியில கெடக்குது, வாய்க்கால் மேல பாலமா குப்புறக் கெடக்குது. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் கிரானைட் குவாரி எங்க எல்லாம் இருக்குதுன்னு சொல்லணுமா. புதையல் இருக்குதுன்னு ராத்திரியோட ராத்திரியா பேத்துப் போட்ட கல்லை நாமளே பாத்திருக்கோம். மண்ணு குதிரை வச்சு, கெடா வெட்டி, பொங்க வச்சு, தலைமுறை தலைமுறையா பாத்துக்கிட்டவங்க இல்லைன்னா தருமபுரியில இன்னைக்கு இத்தனை நடுகல்லு நின்ன எடத்துலயே நிக்குமா? அந்த சனங்க வரலாறு படிக்க அதைக் காப்பாத்தல, அவங்களுக்கு வேற காரணம். காரணம் வேற வேறயா இருந்தா என்ன போச்சு, கல்லு இருக்குதில்ல.

கன்னடம் தெலுங்கு வேணாம்னு சொன்னது இன்னும் மோசம். நாம எந்த ஊர்ல இருக்கோம் அண்ணா? 1965 வரைக்கும் சேலம் ஜில்லா, அப்பறம் தருமபுரி, 2004ல கிருஷ்ணகிரி தனியாப் போச்சு. நுளம்பன் ஆண்டுருக்கான், கங்கன் ஆண்டுருக்கான், சோழன், போசளன், விஜயநகரம்னு ஒருத்தன் போக ஒருத்தன் வந்த மண்ணு இது. தருமபுரி கோட்டையில இருக்கிற கோயில்லயே நுளம்பர் கைவரிசையைப் பாக்கத்தான பாதிப் பேரு போறாங்க, அந்தத் தரையில முட்டாத தூணுக்கு அடியில துண்டை விட்டு இழுத்துப் பாக்காதவங்க யாரு. ஓசூர், தளி பக்கம் போனா மாஸ்திக்கல்லுன்னுதான் சதிக்கல்லைச் சொல்றாங்க. ஒரே ஊர்ல ஒரு கல்லு தமிழ்ல, பக்கத்துக் கல்லு கன்னடத்துல இருக்குது, செத்தவங்க ரெண்டு பேருமே மாட்டை மீட்கப் போயித்தான் செத்திருக்காங்க. நீங்க ஒருத்தன் முன்னாடி நின்னு மாலை போடுவீங்க, அடுத்தவனைத் தாண்டிப் போயிடுவீங்களா? நம்ம குழுவுல ஓசூர்ல இருந்து ஒரு புருஷன் பொஞ்சாதி வருவாங்க, வீட்டுல தெலுங்கு பேசறவங்க, அந்த அண்ணன் கன்னட எழுத்து சரளமா படிப்பாரு. தாளைப் படிச்ச அன்னைக்கு அந்த அக்கா பையை எடுத்து மாட்டிக்கிட்டு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போனாங்க. அதுக்கப்பறம் எந்த நடைக்கும் வரல. நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல.

கோட்டையைப் பத்தி எனக்குச் சொந்தமா பெருசா ஆர்வம் இல்ல, உண்மையைச் சொல்றேன், ராயக்கோட்டை மலை ஏறி இறங்குன பொறகு முட்டி வலிச்சதுதான் எனக்கு ஞாபகம். ஆனா அந்தத் தம்பி கிருஷ்ணகிரி கோட்டையைக் காட்டிக்கிட்டே 1791ல இங்கிலீஷ்காரன் கும்பினிப் படை வந்து கீழ்க்கோட்டையைப் புடிச்சுட்டு மேல ஏற முடியாமத் திரும்பிப் போன கதையைச் சொல்லும்போது பாத்திருக்கீங்களா? கையில குச்சியை வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் ஏணி, எந்தப் பக்கம் பாறையை உருட்டினாங்கன்னு காட்டுவான். அடுத்த வருஷமே 1792 ஒப்பந்தத்துல திப்பு கையில இருந்து, நம்ம ஊரெல்லாம் அடங்குன பாராமகால் முழுக்க அவங்களுக்குப் போச்சு, கும்பினி அதிகாரி மன்றோ தருமபுரியில உக்காந்துக்கிட்டு நிலத்தை அளந்து, விவசாயிகிட்டயே நேரா வரி வாங்கற ரயத்துவாரி ஆரம்பிச்சதே இங்கதான்னு வரைக்கும் கொண்டு போயிடுவான். எங்க தாத்தா பட்டாவுல இருக்கிற பாதி வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். இதையெல்லாம் "நடுகல்லுக்குச் சம்பந்தமில்லாதது"ன்னு ஒரே கோடா அடிச்சுட்டீங்க.

மல்லப்பாடி ஓவியத்தையும் அடிச்சுட்டீங்க, பர்கூர் பக்கம்தான், வெள்ளைக் கோட்டுல குதிரை மேல ஆளு உக்காந்திருக்கிற மாதிரி வரைஞ்சிருக்குது, தமிழ்நாட்டுல பாறை ஓவியம்னு முதல்ல வெளிய தெரிஞ்ச எடங்கள்ல அதுவும் ஒண்ணு. மல்லசந்திரம் கற்திட்டையும் கூடாது. அங்க ஊர்க்காரங்க பாண்டவர் இருந்த வீடுன்னு சொல்றாங்க, குள்ளர் வீடுன்னு சொல்றாங்க, அது ஈமச்சின்னம்னு நீங்க சொல்றீங்க. நீங்க சொல்றதுதான் சரி, அதுல சந்தேகமில்ல. ஆனா பாண்டவர் வீடுன்னு சொன்னதாலதான் எத்தனையோ எடத்துல அந்தப் பலகைக்கல்லை யாரும் பேத்துட்டுப் போகலங்கறதும் சரிதானே.

இப்ப மயிலாடும்பாறை சண்டைக்கு வர்றேன், ஏன்னா ஆளை நீக்கினது அதுக்காகத்தான். தொகரப்பள்ளி பக்கம் இருக்கிற மயிலாடும்பாறையில தோண்டி எடுத்ததுல கெடச்ச மாதிரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பி, கி.மு. 2172ன்னு ஒண்ணு, கி.மு. 1615ன்னு ஒண்ணு வந்துது, 2022 மே மாசம் முதலமைச்சர் சட்டமன்றத்துலயே அறிவிச்சாரு, தமிழ்நாட்டுல இரும்பு 4200 வருஷப் பழசுன்னு. நம்ம மாவட்டம்னு எல்லாருக்கும் பெருமை, எனக்கும் பெருமைதான், கடையில வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்த ரிட்டயர்டு வாத்தியார் என்ன கேட்டாரு? "ரெண்டு தேதிக்கும் நடுவுல ஐநூறு வருஷத்துக்கு மேல எடவெளி இருக்குதே, அந்த எடத்துல இன்னும் நிறைய மாதிரி எடுத்துப் பாத்தா நல்லா இருக்கும்"னாரு. அவ்ளோதான். அதுக்கு "தமிழ்த் துரோகி"ன்னு ஒருத்தரு, "இவருக்கு யாரு காசு குடுக்கறாங்க"ன்னு ஒருத்தரு, மறுநாள் அவரைக் குழுவுல இருந்து எடுத்தாச்சு. அப்பறம் 2025 ஜனவரியில தூத்துக்குடி பக்கம் சிவகளையில இரும்புக்கான தேதி வந்துது, மயிலாடும்பாறையை விட ஆயிரம் வருஷம் முன்னாடி போச்சு. எப்படிப் போச்சு? இன்னும் பல எடத்துல இன்னும் பல மாதிரி எடுத்ததாலதானே போச்சு. அவரு கேட்டதும் அதேதானே அண்ணா. அவரு பதிலை மறுக்கல, இன்னும் கொஞ்சம் தோண்டுங்கன்னாரு. தோண்டுங்கன்னு சொன்னவரைத் துரோகின்னு அனுப்பிட்டு, தோண்டி வந்த தேதிக்குக் கேக் வெட்டினீங்க. அந்தக் கேக்கை நான் திங்கல.

நான் எதுவேணா பேசலாம்னு சொல்ல வரலங்க. எந்தக் கல்லைப் பாத்தாலும் இது அதியமான் நட்டதுன்னு ஒருத்தர் சொல்லுவாரு பாருங்க, பதினஞ்சாம் நூற்றாண்டுக் கல்லைக் காட்டினாலும் அதியமான்தான், அவரை நீங்க நிறுத்தினது ரொம்பச் சரி. சாக்பீஸ் தேச்சு எழுத்தை எடுப்பா காட்டறேன்னு கல்லைக் கெடுக்கற போட்டோக்காரரைத் திட்டுனதும் சரி. புதிய கல்லு இருக்கிற எடத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு இருக்குது பாருங்க, அந்தப் பழைய விதியை நான் இன்னைக்கு வரைக்கும் மீறினதில்ல, புதையல் கும்பலுக்கு வழி காட்டக்கூடாது. பொய் சொல்றதையும் கல்லைக் கெடுக்கறதையும் தடுங்க, நானே உங்க பக்கம் நிப்பேன். ஆனா ஒருத்தருக்கு எழுத்து புடிக்கும், ஒருத்தருக்குக் கதை, ஒருத்தருக்கு நகை, இதுல பொய் எங்க இருக்குது, கேடு எங்க இருக்குது? நம்ம பக்கத்துல எல்லா வீட்டுலயும் களிதான், ஒரு வீட்டுல கீரை, ஒரு வீட்டுல கருவாட்டுக் குழம்பு, ஒரு வீட்டுல வெறும் மோர், யாரும் அடுத்த வீட்டுத் தட்டைத் தட்டிவிடறதில்ல.

நம்ம முன்னோருங்க இவ்ளோ இறுக்கமா இல்லைங்க. செங்கம் பக்கத்துல எடுத்தனூர் கல்லு இருக்குது, மகேந்திரவர்மன் காலம், கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் எருமையைக் காப்பாத்தப் போயி செத்திருக்கான், அவனுக்குக் காவலா நின்னு ரெண்டு கள்ளனைக் கடிச்ச நாய்க்கும் அதே கல்லுல உருவம் வெட்டி, கோவிவன்னு அதோட பேரையும் எழுதி வச்சிருக்காங்க. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல ஒரு சண்டைக் கோழிக்கே தனியா கல்லு நட்டிருக்கான். நம்ம குழுவுல ஒரு பொண்ணு எடுத்தனூர் நடைக்கு மட்டும் வந்துச்சு, நாய்ன்னா அதுக்கு உசுரு, அதுக்காகவே லீவு போட்டுட்டு வந்து அந்தக் கல்லு முன்னாடி அரைமணி நேரம் உக்காந்திருந்துச்சு. "இதுங்கெல்லாம் எதுக்கு வருதுங்க"ன்னு வேன்ல வரும்போது பின்சீட்டுல பேசினது எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கும் கேட்டிருக்கும். நாய்க்குப் பேரு வெட்டுன சிற்பிகிட்ட நீங்க இருந்திருந்தா "கல்லுல எடம் கம்மி, நாயெல்லாம் வேணாம்"னு சொல்லியிருப்பீங்களோ என்னவோ.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கும். 1970கள்ல தொல்லியல் துறை, நாகசாமி அய்யா இயக்குநரா இருந்தப்போ, செங்கத்துலயும் தருமபுரியிலயும் ஊர் ஊரா போயி நடுகல்லு படிச்சு அச்சுல போட்டாங்களே, அதை வச்சுத்தான நாம எல்லாரும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டோம். அவங்க படிச்சதை இன்னைக்கு நீங்களே பல எடத்துல திருத்திச் சொல்றீங்க, இந்த எழுத்து அது இல்ல, இந்த வருஷம் இது இல்லன்னு. அது தப்பே இல்ல, பெரியவங்க படிச்சதுல சின்னவங்க திருத்தம் சொல்லித்தான் இந்த வேலையே நடக்குது. அந்த உரிமை உங்களுக்கு இருக்குது, உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்கு மட்டும் இல்லையா?

பொம்பளைங்க இந்தக் குழுவுல ஏன் கொறஞ்சுக்கிட்டே வர்றாங்கன்னு ஒருதடவை நீங்களே கேட்டீங்க. விடிகாலை அஞ்சு மணிக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டுன்னா காரிமங்கலத்துல இருந்து நான் எப்படி வர்றது, வழியில ஒதுங்க எடம் பாத்து வண்டி நிறுத்தணும்னு யாருக்காவது தோணுச்சா, அதெல்லாம் ஒரு பக்கம். வந்தா என்ன பேசினாலும் சிரிப்புன்னா எதுக்கு வரணும், அது இன்னொரு பக்கம். இதுக்கு மேல இதை நீட்டல.

இனி எனக்கு என்ன வேணும்னு தெளிவாச் சொல்லிடறேன், அப்பறம் "இவ என்னதான் கேக்கறா"ன்னு சொல்லக்கூடாது.

முதல்ல அந்த ரிட்டயர்டு வாத்தியாரைத் திரும்பச் சேருங்க, அவரு வீட்டுக்கே போயி கூப்பிடுங்க, போன்ல கூப்பிட்டா அவரு வரமாட்டாரு. துரோகின்னு சொன்னவரு அந்த வார்த்தையை எல்லார் முன்னாடியும் திரும்ப வாங்கணும். ஓசூர் அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் பொறுப்பாளர் ஒருத்தரு நேர்ல போயி பேசணும், அந்தத் தமிழ் மட்டும்ங்கற விதி கிழிச்சுப் போட வேண்டியது, திருத்தறதுக்கு அதுல ஒண்ணுமில்ல.

மாத்துக் கருத்தைப் பத்தி என் யோசனை இது. நாம படிக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நோட்டு போடலாம். பொறுப்பாளர் படிச்சது ஒரு பக்கம், வேற மாதிரி படிக்கறவங்க இருந்தா எதிர்ப்பக்கத்துல அவங்க படிச்சதும், ஏன் அப்படிப் படிக்கிறாங்கன்னும், கையெழுத்தோட. ஊர்ல சொல்ற கதைக்கும் அதே நோட்டுல கடைசிப் பக்கம், யாரு சொன்னாங்க, எந்த ஊருன்னு எழுதி, "ஊர்வழக்கு"ன்னு தலைப்புப் போட்டு வைங்க, அப்ப கதையும் கல்வெட்டும் கலந்துரும்ங்கற பயம் உங்களுக்கு வேணாம். கூத்து வாத்தியாருக்கு ஒவ்வொரு நடையிலயும் பேச நேரம் குடுங்க, நீங்க படிச்சு முடிச்ச பொறகு குடுத்தாலும் சரி. அவருக்கு வயசாகுது, அந்தக் கதையெல்லாம் அவரு தலையில மட்டும்தான் இருக்குது.

எங்க போறதுன்னு எப்பவும் மூணு பேரே முடிவு பண்றது வேணாம், மாசத்துக்கு ஒருத்தர் எடத்தைச் சொல்லட்டும். கோட்டைத் தம்பி சொல்ற மாசம் கோட்டைக்குப் போவோம், எனக்கு முட்டி வலிச்சாலும் வர்றேன். என் மாசம் வந்தா ஓசூர் பக்கம் மூணு அடுக்குக் கல்லுக்குக் கூட்டிட்டுப் போறேன், எழுத்தே இல்லாத கல்லு, துணியும் நகையும் எப்படிப் பாக்கறதுன்னு காட்டறேன், புடிக்கலைன்னா நீங்க மரத்தடியில உக்காந்துக்கங்க. டைம்பாஸ் கோஷ்டிங்கற பேரை இனிமே யாரும் யாரைப் பாத்தும் சொல்லக்கூடாது, பாப்பாங்கறதும் வேணாம், எனக்குக் காலேஜ் போற பையன் இருக்கான்.

அடுத்த கூட்டத்தை காவேரிப்பட்டணத்துலயோ காரிமங்கலத்துலயோ பகல்ல வைங்க, பஸ் வசதி இருக்குது, ஹால் வாடகையில என் பங்கை நான் தர்றேன். அங்க இந்த மடலை முழுசாப் படிச்சுட்டு, அந்த நாலு விதியையும் ஒவ்வொண்ணா எடுத்து, இருக்கணுமா வேணாமான்னு கை தூக்கச் சொல்லுங்க. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி அது நடக்கணும், அதுக்கப்பறம் பாதிப் பேருக்கு ஊர்த்திருவிழா வந்துரும். பதிலைத் தனியா எனக்கு போன் பண்ணிச் சொல்ல வேணாம் அண்ணா, கூட்டத்துலயே சொல்லுங்க.

இப்படிக்கு,
காரிமங்கலம் டெய்லர் கடைக்காரி